ஆர்மோனியப் பெட்டிக்கு எண்ணெய் விடுதல்

என் மாமனாரின் கேமராவை அந்த வீட்டில் யாரும் கேமரா என்று சொன்னதில்லை. ஆர்மோனியப் பெட்டி என்பார்கள். மூடி வைத்தால் சட்டைப் பையில் திணித்துவிடலாம் போலத் தட்டையாக இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் முன்கதவு விழுந்து, மடிப்பு மடிப்பான கறுப்புத் தோல் துருத்தியோடு லென்ஸ் வெளியே வந்து நிற்கும். தாம்பரம் ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது தன் வீட்டுக்குப் பால் ஊற்றியவரிடம் அன்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. பால் ஊற்றியவர் என் மாமனார்.

செம்பாக்கம் ஏரியை ஒட்டி அவர்களுக்கு நிலம் உண்டு. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே பெண்ணெடுத்தபோது நிலத்தில் பாதி மனைகளாகியிருந்தது, மாடுகள் விலைபோயிருந்தன. பெட்டி மட்டும் இருந்தது. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் படம் எடுப்பது அவர்தான். வேறொருவர் கேமராவைத் தூக்கினால் பந்தியில் உட்காரமாட்டார்.

இதில் ஒரே சங்கடம், என் மைத்துனனின் கல்யாணம். தை மாதம், விடிவதற்கு முந்தைய முகூர்த்தம். தாலி கட்டும் படம் கழுவி வந்தபோது மணப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டியூப் லைட் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை அதற்கு ஸ்டார்ட்டர் மாதிரி பக்கத்தில் இருந்தான்.

அதனால்தான் என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்து, அதுவும் தையில், அதுவும் விடியற்காலையில் என்று ஆனதும் மைத்துனன் முந்திக்கொண்டான்.

“நைனா, இந்த வாட்டி ஸ்டூடியோ ஆளக் கூப்டுக்கலாம். என் கல்யாணத்துக்கு எட்த்த மாதிரி எட்த்தீன்னா கொழந்தையே இருக்காது, தோடு மட்டும் அந்தரத்துல தொங்கிகினு இருக்கும்.”

“வெயில் காட்னா பொட்டி நல்லாத்தான்டா வேல செய்யுது” என்றார் மாமனார்.

“வெயிலுக்கு மின்னாடி முகூர்த்தம். ஊறுகாயா அது, வெயில்ல வெக்கிறதுக்கு?”

மாமனார் பெட்டியைத் துண்டால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“மாப்ள, நீங்க தோல் கம்பெனிலதான வேல பாக்குறீங்க. இதுவும் தோலுதான. இன்னா ஏதுன்னு பாருங்க. இந்த வாட்டியும் வெள்ளையா வந்துச்சுன்னா அடுத்த போகில போட்டுக் கொளுத்திடறேன். அப்பறம் எவன வேணா கூப்டுக்கட்டும்.”

பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் நான் பார்த்த வேலை பில் எழுதுவது. தோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நாற்றம் ஒன்றுதான். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். “அதுக்கென்ன மாமா, பார்த்துடலாம்” என்றேன். என் வாய்க்கு இந்தப் பழக்கம் உண்டு. எனக்கு முன்னால் கிளம்பிவிடும்.

முதலில் அது இன்ன கேமரா என்று தெரிய வேண்டும். தோலில் பதித்திருந்த பெயர் கை பட்டுத் தேய்ந்து நான்கு பள்ளங்களாக மிஞ்சியிருந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனேன். ஸ்டூடியோக்காரர் பெரிய கேமராவின் பின்னால் கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு யாரையோ பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். துணிக்குள் ஒரு கண்ணாடித் தகட்டில் அந்த ஆள் தலைகீழாகத் தெரிவதை எட்டிப் பார்த்தேன். வெளியே வந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஜெர்மன் சார். அடிச்சுச் சொல்றேன்.” கொஞ்சம் யோசித்தார். “ரஷ்யாவா இருந்தாலும் இருக்கும். ஜப்பான்காரனும் இந்த மாதிரி பண்ணிருக்கான்.”

பூமியில் முக்கால்வாசியைச் சொல்லிவிட்ட பிறகு மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து நானே ஆராய்ந்தேன். பின்கதவில் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்ன ஓட்டை, படத்தின் எண்ணைப் பார்த்து பிலிம் சுருளை நகர்த்துவதற்கு. ஸ்டூடியோக்களில் கிடைக்கும் அகலச் சுருள்தான், பன்னிரண்டு சதுரப் படங்கள். அளவெல்லாம் அடிக்கணக்கில் இருந்ததால் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்கச் செய்தது என்று முடிவு கட்டினேன். மேலே இரண்டு குட்டி ஜன்னல்களும் ஒரு சக்கரமும் இருந்தன. ஜன்னல் வழியே பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். சக்கரத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஆள் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்று சக்கரம் சொல்லும். சொல்வதோடு சரி. லென்ஸுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே படித்த கணக்கை நாம்தான் எடுத்துப்போய் லென்ஸ் வளையத்தில் வைக்க வேண்டும். பேசிக்கொள்ளாத மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அலையும் புருஷனின் வேலை.

மாமனார் அந்தச் சக்கரத்தைத் தொட்டதே இல்லை. நிலம் அளந்தவர். ஆள் நிற்கும் இடத்திலிருந்து குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்துப் பின்னால் வருவார். வந்து நிற்கும் இடத்தில் மண்ணில் ஒரு கோடு.

ஷட்டரை முடுக்கி அழுத்திப் பார்த்தேன். ‘டிக்’ என்று மூடவேண்டிய தகடுகள் கொட்டாவி விடுவதுபோல் மெல்லத் திறந்து, யோசித்து, மெல்ல மூடின. மணப்பெண் டியூப் லைட்டான கதை எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. போகஸ் லைட்டுக்கு முன்னால் இவ்வளவு நேரம் திறந்துகிடந்தால் வெளிச்சம் அளவுக்கு மேல் புகுந்து எல்லாம் வெள்ளையாகத்தான் வரும். லென்ஸ் வளையத்தின் இடுக்கில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெய்.

மனைவியைக் கேட்டேன்.

“ஆமா, ஆயுத பூஜைக்கு வெப்பாரு. ஏர், மம்மட்டி, சைக்கிள் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு எண்ணெ விடுவாரு. இதுக்கு மட்டும் வெக்காம இருப்பாரா? பாவம்ல?”

பாவம்தான். ஐப்பசி வரைக்கும் ஓடிய எண்ணெய் மார்கழியில் உள்ளே நெய்யாக உறைந்துவிடும். வெயிலில் வைத்தால் இளகும், பெட்டி வேலை செய்யும். மாமனார் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

எண்ணெயை எடுக்க வேண்டுமென்றால் ஷட்டர் தகடுகளைத் தொட வேண்டும். தகடுகளைத் தொட முன் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். வளையத்தின் சின்னத் திருகுகளைத் தளர்த்தி, கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தேன். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டில் கோழி இறகைத் தோய்த்துத் துடைத்தேன். ஸ்பிரிட் உலர்ந்ததும் அழுத்தினேன். ‘டிக்.’ அப்படி ஒரு ‘டிக்’. பெருமையாக முன் கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டப்போனேன்.

எங்கே மாட்டுவது? மரை மூன்று இடங்களில் பிடித்தது. மூன்றிலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எங்கே நிறுத்த வேண்டும் என்று எந்த அடையாளமும் இல்லை. அந்தக் கண்ணாடி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதில்தான் படம் தெளிவதும் கலங்குவதும் இருக்கிறது. கழற்றுமுன் ஊசியால் ஒரு கீறல் போட்டிருந்தால் போதும். நான் போட்டிருக்கவில்லை.

அதன்பின் நான் செய்தவை: கை கழுவினேன். மோர் குடித்தேன். திரும்பவும் கை கழுவினேன்.

“ஏங்க, இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா ஏன் வேர்க்குது? மார்கழி மாசங்க இது.”

தையில் மாமனார் படம் எடுக்கிறார், வெள்ளையாக இல்லாமல் வெறும் கலங்கலாக வருகிறது, அடுத்த போகியில் பெட்டி எரிகிறது, அதன் துருத்தித் தோல் கருகும் நாற்றம் எனக்கு மட்டும் ஆயுசுக்கும் அடிக்கிறது. இவ்வளவும் இரண்டாவது டம்ளர் மோர் முடிவதற்குள் மனத்தில் ஓடிவிட்டது. ஊரைவிட்டுப் போவதானால் எந்த ரயில் என்றுகூட யோசித்தேன். தாம்பரத்தில் இருப்பதில் அது ஒரு வசதி.

ஸ்டூடியோக்காரரின் கறுப்புத் துணி பிறகுதான் ஞாபகம் வந்தது. சுருள் இருக்கும் இடத்தில் கண்ணாடித் தகட்டுக்குப் பதில் ஏதாவது வைத்துப் பார்த்தால் என்ன? மறுநாள் கம்பெனியில் செருப்புக்கு மாதிரிப்படம் வரைகிறவரிடம் ட்ரேசிங் பேப்பர் ஒரு துண்டு வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வெளியே போன நேரம், அவர் வீட்டு மொட்டை மாடி. பெட்டியின் பின்கதவைத் திறந்து, சுருள் ஓடும் இடத்தில் பேப்பரை ஒட்டினேன். ஷட்டரைத் திறந்தபடியே பிடிக்க ஒரு விரல் வேண்டும். மைத்துனனைக் கூப்பிட்டேன். உச்சி வெயிலில் இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் புகுந்து ஏரிக்கு அக்கரையில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்தோம்.

“மச்சான், தொட்டி தலகீழா கீது!”

“அது அப்படித்தான் தெரியும். விரலை எடுக்காத.”

“ஒரு சொட்டுத் தண்ணி கொட்டலியே மச்சான்.”

பக்கத்து மாடியில் வற்றல் பிழிந்துகொண்டிருந்த அக்கா கேட்டார்: “யாருக்குப்பா குளிர் ஜுரம்?”

“எங்க மச்சானுக்குக்கா. பயத்துல வந்துகீது” என்றான் கம்பளிக்குள்ளிருந்து.

முதல் மரையில் தொட்டி பஞ்சுமிட்டாய். இரண்டாவதில் அதற்குக் கால்கள் முளைத்தன. மூன்றாவதில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூச்சுவிடாமல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கெட்டாத தூரத்துக்கென்று வளையத்தில் போட்டிருக்கும் படுத்த எட்டைக் குறிக்கு நேரே வைத்துத் திருகுகளை முடுக்கினேன். கம்பளியிலிருந்து வெளியே வந்தபோது இரண்டு பேரும் வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தோம்.

“மச்சான், நைனாகிட்ட எதுவும் சொல்லிக்காத” என்றான் அவன். அவன்தான் ஸ்டூடியோ ஆள் வேண்டும் என்றவன். நான் ஏன் என்று கேட்கவில்லை.

காது குத்து அன்று ஏரிக்கரை அம்மன் கோயிலில் பனி. வாடகைக்கு எடுத்த போகஸ் லைட்டுக்கு நேரே, தாய்மாமன் என்ற முறையில் மைத்துனன் மடியில் குழந்தை. கிண்ணத்தில் காதுக்குத் தடவ வைத்திருந்த தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துகிடந்தது. ஆசாரி அதைக் கற்பூரத்தட்டில் காட்டி இளக்கினார். மாமனார் அடி வைத்துப் பின்னால் வந்து கோடு போட்டு, ஸ்டூல்மேல் பெட்டியை வைத்தார். லென்ஸைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார்.

“வெயிலு இல்லையே” என்று முணுமுணுத்தவர், கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொண்டு பெட்டியை நோக்கித் திரும்பினார்.

நுனிவிரலில் ஒரு சொட்டு மினுங்கிக்கொண்டு வந்தது. ‘விடாதீங்க மாமா’ என்று அத்தனை உறவுக்கு நடுவில் சொல்ல முடியுமா? மனிதர் காலங்காலமாகத் தானே விஷம் வைத்துவந்ததாக அல்லவா ஆகிவிடும். யோசிக்க நேரமில்லை. குறுக்கே பாய்ந்து பெட்டிக்கும் விரலுக்கும் இடையில் என் தலையைக் கொடுத்தேன்.

“மாமா, முதல்ல எனக்கு.”

விரல் என் நெற்றியில் பட்டது. பழக்கத்தில் அவர் அப்படியே உச்சிவரை தேய்த்துவிட்டார். நான் குழந்தைப் பக்கம் போய் ஓரமாக நின்றுகொண்டேன்.

“மாப்ளைக்கும் காது குத்தணுமாம்டா! இன்னொரு தோடு எட்தா!” என்றார் யாரோ சித்தப்பா. சிரிப்பு அடங்குவதற்குள் ஆசாரி கம்பியை அழுத்த, குழந்தை வீறிட, மாமனார் சட்டென்று திரும்பிப் பொத்தானை அழுத்தினார். அத்தனை சத்தத்திலும் அந்த ‘டிக்’ எனக்குக் கேட்டது.

படம் கழுவி வந்தது. குழந்தையின் கண்ணீர், ஆசாரியின் மூக்குமுடி, மைத்துனனின் சட்டைப் பித்தான் எல்லாம் எண்ணிவிடலாம். எல்லோரும் குழந்தையைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒருவன் மட்டும் பளபளக்கும் நெற்றியோடு, வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மைத்துனன் படத்தை நெடுநேரம் வைத்திருந்தான். “நைனா, சூப்பரா கீது” என்று மட்டும் சொன்னான். ஸ்டூடியோ பேச்சு அதன்பின் அந்த வீட்டில் எழவில்லை.

மாமனார் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பொட்டிக்கு வெக்கிற எண்ணெய மாப்ள தலைல வெச்சேன். வெயிலே இல்லாம இன்னா சுத்தமா வந்துகீது பாரு.”

அன்றோடு பெட்டிக்கு எண்ணெய் விடுவது நின்றது. ஆயுத பூஜையிலும் பொட்டு மட்டும்தான். எண்ணெய் எனக்கு. தொண்ணூறுகளின் கடைசிவரை வளைகாப்பு, மஞ்சள் நீர், கல்யாணம், புதுமனை எதுவாகட்டும், மாமனார் கோடு போட்டு முடித்ததும் “மாப்ளையக் கூப்புடு” என்பார். கிண்ணம் வரும். நான் தலையைக் குனிவேன். அந்த வீட்டு ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் முகங்கள் கல்லில் செதுக்கியதுபோல் தெளிவாக இருக்கும். ஓரத்தில் ஒரு நெற்றி மட்டும் விளக்கு வைத்தமாதிரி வெள்ளையாக மின்னும்.