நாத்தனார் முகம் மட்டும் தெளிவு

அன்று ஈப்போ கேமரா கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, என் மச்சானான அவள் தம்பி, கடைக்காரச் சீனர். தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் கடை திறந்த கையோடு போயிருந்தோம். கல்யாணப் படம் எடுப்பவனுக்குக் கண் தெரியவில்லை என்று எங்கள் ஊர் லகாட்டில் ஒருவன் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் குனோங் ராபாட் வரை பரவிவிடும்.

இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி என் கண்ணைத் தின்னத் தொடங்கி இரண்டு வருடம். பழைய கேமராவில் லென்ஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பித்தான் ஃபோகஸ் பிடிப்பேன். இப்போது எந்த இடத்தில் நிறுத்துவது என்றே தெரியவில்லை. அடுத்த மாதம் மச்சான் பிடித்துக் கொடுத்த ஒரு கல்யாணம் இருந்தது. அது கெட்டால் என் பிழைப்பும் முடிந்தது.

கடைக்காரர், ஆளின் கண்ணைத் தானே தேடி ஃபோகஸ் பிடிக்கும் கேமரா ஒன்றை நீட்டினார். பிறகு என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்து, கண் எப்படி என்று கேட்பதுபோல், "மாத்தா ஓகே கா?" என்றார்.

"ஓகே, ஓகே."

மனைவி என் சட்டையை இழுத்து, தம்பிக்குக் கேட்காமல் முணுமுணுத்தாள். "உள்ளதச் சொல்லுங்களேன். அவரு என்ன ஊசியா போடப் போறாரு?"

"நீ சும்மா இருலா."

கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். சின்னதை வாங்கு, ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே தவறினாலும் தாங்கும் என்று மலாயில் சொன்னார். பெரியதில் ஒரு முகம் தெளிந்தால் பக்கத்து முகம் மங்கிப் போகுமாம். எனக்கு ஏறவில்லை. பழைய கேமராவில் பெரிய லென்ஸ் போட்டால் பார்க்கும் துவாரத்தில் வெளிச்சம் கூடும். ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவனுக்கு அந்த ஒன்றுதான் தெரியும். பெரியதையே கேட்டேன்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பட்டனையும் காட்டினார். திரையை மூக்கருகே கொண்டுபோனால் கண்டுபிடித்துவிடுவாரே என்று, பார்க்காமலே தலையாட்டினேன்.

"வாங்குங்கலா மச்சான். ஐயாயிரம் நான் போடுறேன்," என்றான் மனைவியின் தம்பி. "கல்யாணத்துல என் மானத்தக் காப்பாத்துங்க, அது போதும்."

மறுமாதக் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம் மணப்பெண் தலை குனிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நாத்தனார், கையில் விளக்கோடு, நேராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேமரா தேடியது கண்களை. குனிந்த கண்களை விட்டுவிட்டு நாத்தனாருடையதைப் பிடித்துக்கொண்டது. எனக்குத் திரையில் எல்லா முகமும் ஒரே மங்கல்தான். வழக்கம்போலத்தானே என்று எடுத்துத் தள்ளினேன்.

வீட்டில் கம்ப்யூட்டரில் மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "பொண்ணு மூஞ்சி புகையா இருக்கு. நாத்தனாரு கண்ணு மை வரைக்கும் தெரியுது," என்றாள்.

பெண்ணின் அப்பா மச்சானைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டாராம்: "நான் யாருக்குய்யா கல்யாணம் பண்ணி வச்சேன்? என் மகளுக்கா, அந்த நாத்தனாருக்கா?" எனக்குக் காசு வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவுமில்லை.

மச்சானிடம் அன்றுதான் கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"கடையிலயே சொல்லியிருந்தா சின்ன லென்ஸ மாட்டிக் கொடுத்திருப்பாரு, ரெண்டு நிமிஷ வேலைலா. எங்கிட்டகூடவா மறைப்பீங்க?"

கேமராவை வந்த விலைக்கு விற்றுப் பணத்தை அவனிடம் கொடுத்தேன். இப்போது அவன் வீட்டுக்கு வருவதில்லை, மச்சான் என்று கூப்பிடுவதுமில்லை. மாதம் பிறந்தால் கைப்பேசிக்கு ஒரு எண் மட்டும் அனுப்புகிறான். அதையும் மனைவிதான் படித்துச் சொல்கிறாள். இந்த மாதம் பாக்கி, மூவாயிரத்து நூறு வெள்ளி.