சயின்டிஸ்டின் முதல் வாடிக்கைக்காரி

கடைத்தெருவில் எல்லோரும் அவனை சயின்டிஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பழுதான டிவியைக் கொடுத்தால் அதைச் சரிசெய்வதை விட்டுவிட்டு அதற்குள் வேறெதையோ கண்டுபிடித்துக்கொண்டிருப்பான். அந்தக் கடுப்பில் யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பேர். அவனோ அதையே பட்டமாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். சொந்தமாக ஒரு ரிப்பேர் கடை, பொறுமைசாலியான மனைவி, முட்டை மண்டி நடத்தும் ஓர் அக்கா. அவன் சொத்து அவ்வளவுதான்.

அக்கா இரண்டு முட்டைகளைக் கையில் எடுத்து, காதருகே வைத்து லேசாக ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். நல்ல முட்டை கணீரென்று கேட்கும். விரிசல் விழுந்தது, தொண்டை கட்டியவன் பேசுவது மாதிரி மந்தமாகக் கேட்கும். மண்டிக்காரர்கள் எல்லோருமே செய்கிற வேலைதான் இது. ஆனால் நம்மாள் ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "இதை மெஷின் கேட்டா என்ன?" என்று பொறி தட்டியது. அன்றோடு டிவிகளுக்குப் பிடித்தது சனி.

மெஷின் ஒன்றும் பிரமாதமில்லை. ஓடும் பெல்ட்டில் முட்டைகள் வரிசையாக வரும். ஒரு ரப்பர் சுத்தி ஒவ்வொன்றையும் பூப்போலத் தட்டும். கீழே இருக்கும் மைக் அந்தச் சத்தத்தைக் கேட்கும். விரிசல் என்று பட்டால் ஒரு சின்னத் தகடு அதைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிடும். வீட்டுப் பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மனைவியிடம் "கொஞ்ச நேரம் இருமாம இரு" என்று சொல்லிவிட்டு ஓட்டிப் பார்த்தான். ஒரு முட்டைகூடத் தப்பவில்லை. தலைகால் புரியவில்லை அவனுக்கு. ஃபேனை எதற்காக நிறுத்த வேண்டியிருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தான்!

முதல் மெஷினை அக்காதான் வாங்கினாள். "தம்பிங்கறதுக்காக ஓசியில வாங்கினா நல்லாருக்காதுடா. காசு கொடுத்து வாங்கறேன். அப்பத்தான் நீயும் நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம்" என்றாள். அக்கா புருஷனான மாமா வழக்கம்போல வாயே திறக்கவில்லை. அவர் வாய் திறப்பதே சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான் என்று அக்கா சொல்வாள்.

அதன்பிறகு வாரம் தவறாமல் போன் போட்டான். "அக்கா, மெஷின் எப்படி? நல்லாத்தானே ஓடுது?"

"அதுக்கென்ன, ராஜா மாதிரி ஓடுது."

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டிக்கே நேரில் போய் எண்ணெய் விட்டு, துடைத்து, ஓட்டியும் பார்த்தான். நன்றாகவே ஓடியது. மற்ற நாட்களில் அவனுக்குக் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கே விடுமுறை என்பதும், அன்றைக்கு அந்தத் தெருவில் ஈ காக்கை இருக்காது என்பதும் அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த மரமண்டையில் ஏறவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கத்தின் ஒரு திட்டம் அவன் காதில் விழுந்தது. புதிய தொழில்நுட்பத்தை விற்பனைக்குக் கொண்டுவரும் சின்ன கம்பெனிக்காரர் எவ்வளவு போடுகிறாரோ, அதே அளவு மாநில அரசும் போடும். கடனில்லை, மானியம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். நம் பங்கு முதலிலேயே பேங்கில் இருக்க வேண்டும். மெஷின், காசு கொடுத்து வாங்கிய ஒருவரிடம் ஆறு மாதமாவது உழைத்திருக்க வேண்டும். அதை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

நம் பங்குக்கு எங்கே போவது? ரிப்பேர் கடையை விற்றான்.

"அரசாங்கம் சரின்னு சொன்ன பிறகு வித்தா ஆகாதா?" என்று மனைவி கேட்டாள்.

"நம்ம பங்கு இருந்தாத்தான் அவங்க பங்கு வரும். மெஷின்தான் அக்காகிட்ட ஜம்முன்னு ஓடுதே, அப்புறம் என்ன பயம்?"

நாத்தனார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனைவியுமே நம்பினாள். அரசின் பங்கு வராவிட்டால் கடையும் போய், விற்பனைக்கான மெஷின்களைப் பாதிப் பணத்தோடு பாதியில்தான் நிறுத்த வேண்டும் என்பது இருவருக்குமே தெரியும்.

அதிகாரியை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி அவன் கேட்டான். அப்போதுதான் நிதானமாகப் பேச முடியும் என்பது அவன் கணக்கு. அந்தம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மூடின மார்க்கெட்ல வந்து நான் என்னத்தைப் பாக்கறது? வியாபாரம் நடக்கற நாள்ல வரேன்" என்றுவிட்டார்.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையும் வாயெல்லாம் பல்லுமாக அவன் அதிகாரியோடு மண்டிக்குள் நுழைந்தான். தெருமுனையில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. ஆனால் மண்டிக்குப் பக்கத்தில் இரும்பு ஷட்டர் செய்யும் பட்டறை மட்டும் ஏனோ சத்தமில்லாமல் கிடந்தது. அக்கா புதுப் புடவையில் நின்றாள். மெஷின் ஓடியது. தட்டியது, கேட்டது, தள்ளியது. அதிகாரி குனிந்து பார்த்தார், தள்ளிய முட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், தலையாட்டினார்.

"பரவாயில்லையே சார்" என்றார். சயின்டிஸ்டுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அப்போது பக்கத்துப் பட்டறையில் இரும்பறுக்கும் மெஷின் கிறீச்சென்று அலறியது. பாருங்கள், அவ்வளவுதான். தகடு பேய் பிடித்தது மாதிரி ஆடத் தொடங்கிவிட்டது. நல்ல முட்டை, கெட்ட முட்டை என்ற பேதமே இல்லை. வந்ததையெல்லாம் பக்கத்தில் தள்ளியது. தட்டு நிரம்பி முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உடைந்தன. அதிகாரியின் செருப்பு வரை மஞ்சள் கரு ஓடியது.

மாமா பட்டறையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவசரப்பட்டு வாய் திறந்தார். "டீயும் வாங்கிக் குடிச்சிட்டு, அரைமணி நேரம் பட்டறையை நிறுத்தறேன்னு சத்தியம் பண்ணான் படுபாவி!"

அக்கா அவரை முறைத்த முறைப்பில் மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அதிகாரி கால் நனையாமல் நகரப் பார்த்து, மண்டியின் பின்பக்கம் தொங்கிய கோணித் திரையை விலக்கினார். உள்ளே ஒரு பலகை, மேலே ஒரு பல்பு, இரண்டு முக்காலி. மெஷின் பாஸ் பண்ணிய முட்டைகளையும் தள்ளிய முட்டைகளையும் ஒன்றாகக் கொட்டி, திரும்பக் கையால் தட்டிப் பிரித்து வைத்த தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. சயின்டிஸ்டுக்கு எல்லாம் புரிந்துபோனது. இத்தனை மாதமும் இந்த இரண்டு பேரும் ஒரே வேலையை இரண்டு முறை செய்திருக்கிறார்கள். அவன் மெஷின் குழப்பி வைத்ததையும் சேர்த்து.

"இது தினமும் இப்படித்தானாம்மா?" அதிகாரி அக்காவைக் கேட்டார்.

"இல்ல மேடம்." அக்கா கண்ணிமைக்காமல் சொன்னாள். "இன்னைக்குத்தான் முதல் தடவை. கரண்ட் சரியில்ல. மத்தபடி தங்கமான மெஷின். எங்க வேணும்னாலும் எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன்."

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். கரண்ட்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கரண்ட்டின் தலையில் பழியைப் போட்டால் கரண்ட் என்ன சண்டைக்கா வரப்போகிறது? கடை விற்ற பணம், மனைவியின் முகம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தன. அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுடா என்று அவள் கண் கெஞ்சியது. அவளைச் சபையில் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இல்ல மேடம்" என்றான். "சத்தத்துல இது ஓடாது. நான் மூடின அறையிலயும் லீவு நாள்லயும் மட்டும்தான் சோதிச்சேன். அக்கா... எனக்காகச் சொல்றாங்க."

அக்காவின் முகம் செத்துப்போனது. வெளியாள் ஒருவர் முன்னால் தம்பியே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டான். உண்மையைச் சொன்னதிலும் இப்படி ஒரு வெட்கக்கேடு இருக்கும் என்று அவன் நினைக்கவேயில்லை.

அதிகாரி செருப்பைக் கோணியில் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. "இந்தத் தடவை கிடைக்காது சார். இந்தத் தெருவுல, இந்தச் சத்தத்துல ஓடட்டும். அப்ப மறுபடி விண்ணப்பம் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் மூட்டை தூக்குபவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தான். சயின்டிஸ்டுக்குக் காது மடல் எரிந்தது. பேசாமல் பிளக்கைப் பிடுங்கி, மெஷினை வெளியே நகர்த்தத் தொடங்கினான்.

"எங்கடா தூக்கற?" அக்கா குறுக்கே நின்றாள்.

"வீட்டுக்கு. சரி பண்ணிக் கொண்டுவரேன்."

"கதவைச் சாத்திக்கிட்டா? இத்தனை நாள் சாத்தினது போதாதா?"

"நீ ஏன்கா என்கிட்ட சொல்லல? நான் வாரா வாரம் கேட்டேனே!"

"எங்க கேட்ட?" அவள் குரல் உடைந்தது. "நல்லாத்தானே ஓடுதுன்னு நீயேதான் சொல்லிக்கிட்ட. இல்லைன்னு சொன்னா உன் குரல் எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுலருந்து தெரியும். அந்தக் குரலைக் கேக்க எனக்குத் தெம்பில்லடா. அந்த பயத்துலயே உன் கடையை விக்க விட்டுட்டேன். உன் பொண்டாட்டி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவன் ஒருவன் மனசு நோகக்கூடாது என்று ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. பின்னறையில் இருமாமல் உட்கார்ந்திருந்த மனைவியும் நினைவுக்கு வந்தாள். எங்காவது போய் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போகவில்லை. மெஷினை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில், ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரிக்கா. இதுல என்னென்ன கோளாறுன்னு சொல்லு. எனக்காக எதையும் குறைச்சுச் சொல்லாத."

அக்கா அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். மார்க்கெட் அடைக்கிற நேரம் வந்தும் அவள் முடிக்கவில்லை.