இன்னாத்த வுட்ட?

டீ டம்ளரை வாங்கியதும் செங்கொடி குடித்துவிடுவதில்லை. மூக்கருகே கொண்டுபோய் ஒரு சுழற்று சுழற்றி, கடைக்காரரை ஏற இறங்கப் பார்க்கிறாள். "சுருக்கா குட்த்துட்ட. இன்னாத்த வுட்ட?" இஞ்சியோ சர்க்கரையோ, ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும் என்பது அவள் தீர்மானம். பெரும்பாலும் எதுவும் விட்டுப்போயிருக்காது. கடைக்காரர் பாவம், இப்போதெல்லாம் அவள் மாடிப்படி இறங்கி வருவதைக் கண்டாலே இஞ்சியை அவள் கண்ணெதிரே தட்டுகிறார்.

வியாசர்பாடி வீட்டிலும் இதே விசாரணைதான். மகள் மகிழினி பரீட்சை எழுதிவிட்டுக் குதித்துக்கொண்டு வந்து "ஈஸிம்மா" என்றால் போச்சு. "ஈஸின்னா எந்தக் கேள்விய வுட்ட?" கணவன் அறிவு ஒருமுறை வண்ணாரப்பேட்டையில் துணிமணியெல்லாம் வாங்கிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றான். அவள் பைகளைக் கொட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போதுதான், ஸ்கூட்டரை மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தது அவனுக்கு நினைவு வந்தது. அன்றோடு அந்த வீட்டில் அவளை எதிர்த்துப் பேச ஆளில்லை.

இந்தச் சந்தேகப் புத்தி பிறவிக் குணமல்ல, தொழில் கொடுத்தது. திருவொற்றியூரில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில், மீன்பிடிப் படகுகளுக்கான எச்சரிக்கைப் பெட்டி செய்கிறார்கள். பலத்த காற்று வருவதாகத் தகவல் வந்தால் பெட்டியில் விளக்கு எரியும், கூடவே அது வாய்விட்டுக் கத்தும். அதற்கான மென்பொருளைச் செங்கொடி தன் லேப்டாப்பில் தயாரிக்கிறாள். அது ஓடப்போவதோ பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினியில். தயாரிப்பதற்கு முன், வேண்டிய லைப்ரரிகள், அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த துணை நிரல்கள், இருக்கின்றனவா என்று ஸ்கிரிப்ட் என்கிற ஒரு குட்டி நிரல் தேடிப் பார்க்கும். ஏதாவது கிடைக்காவிட்டால் கூப்பாடு போடாது. அதற்குரிய வேலையை மட்டும் கமுக்கமாகக் கழற்றிவிட்டு, மிச்சத்தைச் செய்து முடித்து, நல்ல பிள்ளையாகக் கைகட்டி நிற்கும்.

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு முந்தின நாள், எல்லாம் தயார் என்று திரை சொன்னது. முதலாளி மாசானம், திருநெல்வேலிக்காரர், அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

"முடிஞ்சிட்டுல்லா? கட்டிருவோமா?"

"இர்ங்க அண்ணாச்சி. கம்முனு முடிஞ்சிகீது. இன்னாத்த வுட்டுச்சோ."

ஓடி முடிந்த வரிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். மாசானம் இரண்டு முறை கொட்டாவி விட்டார். யாரும் படிக்காத இடத்தில், நடுவில் ஒரு வரி: ஒலி லைப்ரரி, இல்லை. பெட்டி ஊமையாகப் பிறந்திருந்தது.

"வெளக்கு எரியும்லா? இன்னைக்கு அப்படியே குடுத்துரு. சத்தத்தைப் பொறவு பாத்துக்கிடலாம்."

செங்கொடிக்குச் சுருக்கென்றது. போன வருடம் அவள் தம்பி துரை வேலைக்குப் போன படகிலும் விளக்கு எரியத்தான் செய்தது. அது பழைய பெட்டி, விளக்கு மட்டும் உள்ளது. அவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். காற்றில் படகு கவிழ்ந்து, தோள் எலும்பு முறிந்து கிடந்தவனை வேறொரு படகுக்காரர்கள்தான் காசிமேட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாளைக்கு அவன் மறுபடி கடலுக்குப் போகிறான், இந்தப் பெட்டியை நம்பி.

"கடல்ல எவன் அண்ணாச்சி லைட்ட பாத்துகினு நிப்பான்?" என்றாள். மாசானம் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோளாறு கிடைத்தபோது அவளுக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. பெட்டிக்கென்று தனியாக வைத்திருந்த ஃபோல்டரை விட்டுவிட்டு, ஸ்கிரிப்ட் லேப்டாப்பின் சொந்த ஃபோல்டரில் போய்த் தேடியிருக்கிறது. அங்கே இருந்த லைப்ரரி வேறு வகைச் சிப்புக்கானது, பொருந்தவில்லை. "பக்கத்து பிளாக்குல போய் நம்ம சாவிய போட்டுப் பாத்துட்டு, தொறக்கல, வூடே இல்லன்னு வந்து சொல்லுது, பேமானி!"

தேடும் வழியைப் பெட்டியின் ஃபோல்டருக்குத் திருப்பினாள். ஸ்கிரிப்ட் ஞாபகம் வைத்திருந்த பழைய பதில்களை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினாள். அந்த வரியில் இப்போது 'இருக்கிறது' என்று வந்தது. பெட்டியில் ஏற்றிப் பொத்தானை அழுத்தியதும் மாசானத்தின் குரல் பிய்த்துக்கொண்டு கிளம்பியது: "ஏலே, காத்து வருது! கரைக்கு வாங்கலே!" ஆபீஸில் அவ்வளவு பெரிய தொண்டை வேறு யாருக்கும் இல்லாததால் அவரையே பதிவு செய்திருந்தார்கள். கீழே டயர் கடைக்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

மாசானம் எழுந்து அட்டைப்பெட்டியை நீட்டினார். அவள் அதை வாங்காமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போய்விட்டாள்.

துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துரை போகும் படகில் பெட்டியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, அவனை வலைப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள்.

"யக்கா, மானத்த வாங்காத. எல்லாம் பாக்கறானுங்க."

"பாக்கட்டும். அந்தாண்ட திரும்பு."

பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே அண்ணாச்சி கத்தினார். துரையின் தோள் தூக்கிப்போட்டது. விருட்டென்று திரும்பினான்.

"கேக்குதுக்கா! காது கிழியுது. போதுமா?"

செங்கொடி கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல், மறுகையின் ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு வட்டம் சுழற்றினாள், இன்னொரு தடவை திரும்பச் சொல்லி.