வெற்றிலை வைத்துக் கேட்ட வோட்டு

போன வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது மூக்கில் அந்தப் பசை நாற்றம் ஏறியது. கோதுமை மாவைக் கொதிக்க வைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சும் பசை. இரண்டு பேர் வாளியும் தூரிகையுமாக மதிலில் ஒரு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் ஒட்டிய எதிராளியின் முகம் அதற்குக் கீழே அகப்பட்டு, ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசையில்தான் வரும். என் வீட்டில் தேர்தல் காலத்தில் நான் வாயைத் திறந்தால் மற்றவர்கள் டீவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள்.

பசை என்றால் எனக்கு மா ஞாபகம் வரும். மா என்றால் அந்தப் பஞ்ச காலம். எழுபதுகளின் நடுவில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அரிசி இல்லை, மாவும் இல்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோவதே குற்றம். பெண்கள் சேலைக்குள் ஒரு கொத்து அரிசியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். வழியில் மறித்துத் தடவிப் பார்த்துப் பறித்துக்கொள்வார்கள். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் கிழங்கின் தோலைக்கூட யாரும் வீசவில்லை. முதலில் வயசானவர்கள் போனார்கள், பிறகு கைக்குழந்தைகள். பக்கத்துக் காம்பரா செவனம்மாவின் புருஷன் கால் வீங்கி அந்த வருஷம்தான் செத்தார். எல்லாம் முடிந்து அடுத்த தேர்தல் வந்தபோது, அதே ஆளுங்கட்சிக்காரர்கள் வாளி வாளியாக மாப்பசையோடு வந்து எங்கள் லயத்துச் சுவரில் சிரித்த முகங்களை ஒட்டினார்கள். எங்கள் அம்மா மிகவும் சாதுவானவர். அவர் வெளியே போய் அந்த வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

அந்தக் கட்சி தோற்றது. ஊரே வெடி கொளுத்தியது, நாங்களும் கொளுத்தினோம். வெடி நாற்றம் போவதற்குள் ஜெயித்த கட்சியின் ஆட்கள் தோட்டங்களுக்குள் லொறியில் வந்தார்கள். எங்கள் பக்கம் அந்தத் தடவை தப்பியது. இரத்தினபுரிப் பக்கம் இருந்த என் சித்தி குடும்பத்தின் லயத்தை எரித்துவிட்டார்கள். தேயிலைக்குள் இரண்டு நாள் படுத்துக் கிடந்து, உடுத்த துணியோடு எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் பதினோரு பேர். சித்தி பல மாசம் லொறிச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

ஆக, எண்பதுகளின் தொடக்கத்தில் நாட்டுக்குத் தலைவரைத் தெரிவு செய்யும் தேர்தல் வந்தபோது எங்களுக்கு முன்னால் நின்றவை இந்த இரண்டும்தான். பட்டினி போட்ட கட்சி ஒன்று, எரித்த கட்சி ஒன்று. வேறு சிலரும் நின்றார்கள். அவர்களுடைய கூட்டத்தில் கீழே நின்றவர்களைவிட மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதிகம். எங்கள் தொழிற்சங்கத்துத் தலைவர் முந்தின தேர்தலில் ஒரு கட்சியைக் கள்ளன் என்றார். இந்தத் தேர்தலில் அதே கள்ளனின் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு எங்களைக் கை தட்டச் சொன்னார். தட்டினோம். தட்டாதவர்களின் பெயரை எழுதிக்கொள்ள ஓர் ஆள் பென்சிலோடு நின்றான். அந்தக் கூட்டத்தில் பேசிய அமைச்சர் ஒருவர் தமிழில் நான்கு வரி மனப்பாடம் பண்ணி வந்திருந்தார். அதில் மூன்று வரி வணக்கம்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயசு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து ஒன்றரை வருஷம். கையில் குடை, தோளில் பை, வாயில் உலக நியாயம் எல்லாம் இருந்தன. அத்தோடு வோட்டும் இருந்தது. அதுதான் பெரிய விஷயம். எங்கள் லயத்தில் இருபது காம்பரா. வோட்டு உள்ள காம்பரா மூன்றே மூன்று. சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் என்று எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தார்கள். எங்கள் அப்பா ஒரு காலத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஏதோ பாரம் நிரப்பிப் போட்டார், பிரஜாவுரிமை கிடைத்தது. மற்றப் பக்கத்துக் காம்பராக்காரரும் அதே பாரத்தை அதே பேனாவால் நிரப்பிப் போட்டார். கிடைக்கவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மிச்சப் பேரில் பாதிக்கு இந்தியப் பாஸ்போர்ட், பாதிக்கு எந்த நாடும் இல்லை.

அப்படி வோட்டு இல்லாதவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தேர்தலுக்கு முதல் நாள் பின்னேரம், வேலை விட்டு வந்து குளித்துவிட்டு, வோட்டு உள்ளவர்களின் வீட்டுக்கு வருவார்கள். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, இன்னாருக்குப் போடுங்கள் என்று கேட்பார்கள். இஷ்டமில்லை என்றால் தட்டைத் தொடக்கூடாது. அவர்களும் கோபிக்காமல் எடுத்துக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போவார்கள். ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் அந்த வோட்டு கேட்டவருடையது. எங்கள் அப்பா இதில் மிகவும் கறாரானவர். ஒரு தேர்தலில் தட்டைத் தொட்டுவிட்ட ஒரே காரணத்துக்காகத் தனக்குப் பிடிக்காத ஆளுக்குப் போட்டுவிட்டு வந்து, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார்.

அந்த வருஷம் என்னிடம் தட்டோடு வந்தவர் செவனம்மா அக்கா. நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும். கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி, பேச்சில் சிக்கனம். அவருடைய புருஷன் சாவதற்குச் சில வருஷம் முன்பு கங்காணியோடு சண்டை போட்டுவிட்டு, இந்த மண்ணே வேண்டாம் என்று ஒரு வேகத்தில் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டவர். எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செவனம்மாவுக்கு மட்டும் பாஸ்போர்ட் வந்து டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. ஒரே மகளை நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. இந்தியாக் கப்பலுக்குக் கூப்பிட்டால் மகள் இங்கே, தாய் அங்கே. மகள் அப்போது முழுகாமல் இருந்தாள், முதல் பிள்ளை.

செவனம்மா ஆளுங்கட்சிக்குப் போடச் சொன்னார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சித்தி அடுப்படியில் உட்கார்ந்திருப்பதைக் காட்டி, இவர்களுடைய வீட்டை எரித்தவர்களுக்கா என்று கேட்டேன். அவர் தட்டைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே சொன்னார்:

"ரெண்டு பேருமே நமக்கு ஆகாதவனுங்கதான் புள்ள, எனக்குத் தெரியாதா? இவன் ஆளுங்க அடிப்பானுங்க. அவன் வந்தா கப்பல்ல ஏத்திருவான். அடிச்சா அடிய வாங்கிக்கிட்டு இங்கனயே கெடக்கலாம். ஏத்திட்டா நான் என்னா செய்வேன்?"

லயத்தில் அப்போது அப்படித்தான் பேச்சு. எதிர்க்கட்சி வந்தால் பாஸ்போர்ட் உள்ளவர்களை ஆறு மாசத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று கடையில், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எல்லா இடத்திலும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சே அவமானமாக இருந்தது. அடி வாங்குவதற்கு ஆள் தேர்ந்தெடுக்கிற தேர்தல் ஒரு தேர்தலா என்று நினைத்தேன். ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்து மறுக்க வாய் வரவில்லை. பேச்சை முடித்தால் போதும் என்று ஒரு வெற்றிலையை எடுத்தேன். அப்பா மூலையிலிருந்து என்னைப் பார்த்தது தெரிந்தது.

மறுநாள் என் பள்ளிக்கூடத்திலேயேதான் வோட்டு. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் மேசைமேல் அட்டையை மறைப்பாக நிறுத்தி, நூலில் ஒரு பென்சிலைக் கட்டி வைத்திருந்தார்கள். சீட்டை விரித்தேன். இரண்டு பெரிய பெயர்களையும் பார்த்தேன். செத்துப்போன கைக்குழந்தைகள், சித்தி அணைத்த அடுப்பு, மூன்று வரி வணக்கம் எல்லாம் சேர்ந்து தலைக்கேறிவிட்டது. சீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கோடு இழுத்தேன். அது போதவில்லை. 'வெட்கமில்லையா' என்று குண்டு எழுத்தில் எழுதினேன், கேள்விக்குறியோடு. பிழையில்லாமல் எழுதினேனா என்று டீச்சர் புத்தியில் ஒரு தடவை சரிபார்க்கவும் செய்தேன். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்டவள்போல நிமிர்ந்து நடந்து வந்தேன். பெட்டியைப் பிரிக்கிற யாரோ ஒரு கிளார்க் அதைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டிருப்பார் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அதுதான் என்னிடம் இல்லாத பழக்கம். பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம், இரண்டு பேருக்குமே போடவில்லை, நன்றாகக் கேட்டு எழுதிவிட்டு வந்தேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஒருத்தி சபாஷ் என்றுகூடச் சொன்னாள். பின்னால் திரும்பினால் செவனம்மா குடத்தோடு நிற்கிறார்.

அவர் சத்தம் போடவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்தார்.

"வேணாம்னா தட்டைத் தொடாம இருந்திருக்கலாமே புள்ள. வோட்டு இருக்கிற அடுத்த காம்பராவுக்குப் போயிருப்பேன்."

நான் ஏதோ கொள்கை, கோபம் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"ஒரு கோவத்துல அவரு இந்தியாவுக்கு எழுதிட்டுப் போயிட்டாரு. ஒரு கோவத்துல நீ கிறுக்கிட்டு வந்திருக்கே. ஒங்க கோவத்துக்கெல்லாம் எங்கூட்டுப் பொழப்புதான் கெடச்சுதா?"

பிறகு குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டார். சிரித்தவர்கள் எல்லோரும் தங்கள் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. அதற்கடுத்த ஒரு வாரமும் பேசவில்லை.

ஆளுங்கட்சியே ஜெயித்தது. என் ஒரு வோட்டு இல்லாமலும் தாராளமாக ஜெயித்தது. அப்பாடா என்று நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. அடுத்த வருஷம் ஆடி மாசம் லொறிகள் எங்கள் பக்கமும் வந்தன. நுவரெலியாவில் கடைகள் எரிந்த புகையை எங்கள் மலையிலிருந்து பார்த்தோம். இந்தத் தடவை தேயிலைக்குள் படுத்தது நாங்கள். செவனம்மாவின் மகள் ஒக்கலில் பிள்ளையோடு காட்டுக்குள் ஓடிப் பிழைத்தாள். அது அடங்கி ஆறேழு மாசத்தில், அதே அரசாங்கத்தின் முத்திரையோடு செவனம்மாவுக்குக் கடிதம் வந்தது. இன்ன தேதிக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும். அடிக்கிறவன் வேறு, ஏற்றுகிறவன் வேறு என்று லயமே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே ஆட்கள் செய்து முடித்தார்கள்.

றொசல்ல ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடப் போனோம். கப்பலுக்குத் தலைமன்னார் போகிறவர்கள் இருக்கும் நாட்களில் அந்தச் சின்ன ஸ்டேஷனில் நிற்க முடியாது. ரயிலில் இருப்பவர்கள் கீழே இருப்பவர்களின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கார்ட் விசில் ஊதினாலும் விடமாட்டார்கள். செவனம்மாவின் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் முண்டியடித்துப் போய், ஒரு வருஷத்துக்கு மேலாக வைத்திருந்ததைச் சொன்னேன். நான் நீங்கள் சொன்ன மாதிரி போட்டிருந்தாலும் இதுதானே அக்கா நடந்திருக்கும் என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்திலும் நியாயம்தான் பேசினேன், பாருங்கள்.

அவர் மகளின் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அது எனக்குத் தெரியாதா புள்ள. நான் சொல்லி ஒரு வோட்டு, ஒரே ஒரு தடவ, அந்தப் பொட்டிக்குள்ள விழுந்திருக்கும். அம்புட்டுத்தான்."

ரயில் நகர்ந்தது. மகளின் கையை இரண்டு பேர் சேர்ந்து பிரித்தோம். அதில் ஒருத்தி நான். திருச்சிப் பக்கம் ஒரு முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது, வேறு யாரோ எழுதிக்கொடுத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு சட்டம் மாறியது. மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை வந்தது. எங்கள் லயம் இன்னும் அதே இருபது காம்பராதான், இப்போது எல்லாக் காம்பராவிலும் வோட்டு இருக்கிறது. தேர்தலுக்கு முதல் நாள் யாரும் குளித்துவிட்டுத் தட்டோடு யார் வாசலுக்கும் வருவதில்லை; அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்று சொன்னால் இளசுகள் நம்புவதில்லை. அவர்கள் கட்சிகளைத் திட்டுகிறார்கள், இந்தத் தடவை வோட்டே போடப்போவதில்லை என்கிறார்கள். அவர்கள் திட்டுவதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் அதைவிட மோசமாகத் திட்டுகிறேன். திட்டிக்கொண்டே போய் ஒழுங்காக ஒரு பெயருக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு வருகிறேன். அன்றைக்குப் பிறகு ஒரு சீட்டையும் கிறுக்கவில்லை.

இந்தத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைத் தோட்டக் கந்தோரில், ஆபீஸ் சுவரில், ஒட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். செவனம்மாவின் பெயர் இந்த நாட்டின் பட்டியலில் ஒரு தடவைகூட வந்ததில்லை. வந்திருந்தால், காம்பரா வரிசைப்படி, என் பெயருக்கு அடுத்த பெயர் அவருடையதாக இருந்திருக்கும்.