எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

அம்மா இறந்த மறுமாதம், ஆடியில், அப்பா என்னை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த மாமா வீட்டில் விட்டுவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறிவிட்டார். அவருக்கு அங்கே பருப்பு மண்டியில் வேலை. எனக்கு ஒன்பது வயது. "நாலு நாளைக்கு இரும்மா" என்றார். அந்த நாலு நாள் ஆறு வருடம் ஓடியது.

எனக்கு எப்போதும் அசதியாக இருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். அத்தையும் அசந்துதான் கிடந்தாள். மாமாவும் அவளும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். சீசனில் விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார்கள். விரலிடுக்கில் மருந்துப் பொடி மினுங்கச் சோறு போடுவாள். அன்பாக ஒரு வார்த்தை வராது. நானும் "உங்க வீட்டுக் குடம்", "உங்க வீட்டு அடுப்பு" என்றே பேசுவேன். வீம்புதான்.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பலகாரம் வேறு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அம்மா கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன பெண் என்பதால், அவள் பிறந்த வீடான மாமா வீட்டுக்கு இந்த வருசத் துக்கம் இல்லை. தீபாவளிக்கென்று அத்தை கருப்பட்டிப் பாகு காய்ச்சி, அதிரச மாவைப் பானையில் போட்டு வாயைத் துணியால் வேடுகட்டி வைத்திருந்தாள். மூன்று நாளாக நான் அந்தப் பானையையே சுற்றி வந்தேன். அம்மா போன பிறகு நான் ஆசைப்பட்ட முதல் பொருள் அது. ஆசைப்பட்டதே வெட்கமாக இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அத்தை அடுப்பைப் பற்றவைத்தபோது கேட்டுவிட்டேன்.

"அத்தை, இங்கன சுடுறத நான் திங்கலாம்ல? இது வேற வீடுதான?"

அவள் அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தாள். மாவுப் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய சின்ன மகன் தரையில் புரண்டு அழுதான். எல்லாம் என்னால்தான் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரி தூக்குச்சட்டி நிறைய அதிரசம் சுட்டுக் கொண்டுவந்தாள்.

"ஒங்களுக்குத்தான் வருசத் துக்கம் இல்லையே மதினி, எதுக்கு இம்புட்டுச் சுத்து?"

"ஏன் இல்ல? தாயில்லாத பிள்ளைக்கு இதுதான வீடு" என்ற அத்தை, தூக்குச்சட்டியை என் மடியில் வைத்தாள். "வேற வீட்ல இருந்து வந்திருக்கு. இப்பத் தின்னு."

ஒன்றைக்கூட முழுசாகத் தின்ன முடியவில்லை. அம்மாவுக்காக அன்றுதான் வாய்விட்டு அழுதேன். கம்பெனிக்கு அன்று லீவு. நான் அழுது முடிக்கும்வரை இருப்பவள்போல அத்தை பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாதியிலேயே தூங்கிப்போனாள். அவள் கை என் முதுகிலேயே இருந்தது.