ஸ்கோப் லென்ஸில் பாதியான வயல்

நடந்தவை வரிசையாக:

1. ஒரு தை மாதம் எங்கள் வயலுக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.
2. டேப் பிடித்து அளந்தார்கள். வரப்பில் முளைக்குச்சி அடித்தார்கள்.
3. பெரியப்பா என்னை வேவு பார்க்க அனுப்பினார்.
4. காமிராவுக்குள் பார்த்தேன். வயல் பாதியாக இருந்தது.
5. அதைப் போய்ச் சொன்னேன்.
6. பெரியப்பா அரிவாளை எடுத்தார்.

இந்த ஆறும் உண்மை. வரிசையில்தான் ஒரு பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நான் வளர்ந்து, காமிரா உதவியாளராகி, அதே மாதிரி ஒரு லென்ஸைக் கையில் பிடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் மாயவரத்தை அடுத்த குத்தாலத்துக்குப் பக்கம். வயல் எங்களுடையது அல்ல. சென்னைக்குக் குடிபோய்விட்ட ஒரு மிராசுதாருடையது. பெரியப்பா அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தார். எழுத்து எதுவும் கிடையாது. அறுப்பு முடிந்ததும் மிராசுதாரின் ஏஜெண்ட் மாயவரத்திலிருந்து வந்து குத்தகை நெல்லை அளந்து எடுத்துப் போவார், அவ்வளவுதான். குத்தகைக்காரர் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அடுத்த ஆட்சியில் பதிந்துவிடலாம் என்று பெரியப்பா காத்திருந்தார். ஆட்சிகள் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவருடைய கரை வேட்டியில் கொஞ்சம் நம்பிக்கை ஏறும். சில சலவைகளில் அதுவும் வெளுத்துவிடும்.

முந்தைய வருடம் பக்கத்து ஊரில் ஒரு குத்தகைக்காரரை நிலத்தை விட்டு இறக்கியிருந்தார்கள். முதலில் டேப் வந்தது. பிறகு முளைக்குச்சி. பிறகு ஒரு லாரி நிறைய வெளியூர் ஆட்கள் வந்து, விளைந்து நின்ற கதிரை அறுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மனிதர் தன் சாகுபடி என்று எந்த அலுவலகத்தில் போய்ச் சொன்னாலும், "கடைசியா அறுத்தது யாருங்க?" என்றுதான் கேட்டார்களாம். எழுத்து இல்லாத இடத்தில் அறுப்புதான் சாட்சி.

ஆகவே வேனிலிருந்து மூன்று கால் வைத்த ஒரு கருவியை இறக்கி, ஒருவன் டேப்பின் நுனியை இழுத்துக்கொண்டு எங்கள் வயலை நோக்கி ஓடியபோது, வாய்க்கால் கரையில் கூடிய யாரும் அதைச் சினிமா என்று முழுதாக நம்பவில்லை.

"நடிகையே வந்திருக்காங்கண்ணே," என்றார் டீக்கடைக்காரர்.

"வரட்டுமே. சும்மா அளக்க வந்தா நாம வெரட்டுவோம். ஒரு அழகான பொண்ண நிறுத்தி வெச்சுட்டா வாயப் பொளந்துகிட்டு நிப்போம். அதான் கணக்கு," என்றார் பெரியப்பா.

டேப்காரன் கருவியிலிருந்து நடிகையின் மூக்கு நுனிவரை அளந்து, "பதினெட்டு அடி!" என்று கத்தினான்.

"மூக்குவரைக்கும் அளக்குறான் பாரு. மூக்கு எங்க இருக்கு? நம்ம வயல்ல இருக்கு," என்றார் பெரியப்பா.

நடிகை எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக வரப்பில் குச்சி அடித்தார்கள். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். குடை நிழலில், மடக்கு நாற்காலியில், ஏஜெண்ட் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வயலில் படம் எடுக்க அவரிடம்தான் அனுமதி கேட்டிருந்தார்கள். "குத்தகைக்காரன்னு இங்க யாரும் கெடையாது, பண்ணை நெலம், தாராளமா எடுங்க" என்று அவர் சொன்னது முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

பெரியப்பா அன்று சலவையில் புதிதாக வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். நடிகையைப் பார்க்கத்தான் இந்த ஜோடனை என்று பெரியம்மா முறைத்தாள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சின்னப் புள்ள போனா ஒண்ணும் சொல்ல மாட்டானுங்க. அந்தக் கண்ணாடி வழியா என்ன தெரியுதுன்னு பாத்துட்டு வா பாப்பா."

போனேன். கருவியின் முகப்பில் படி அளவுக்குப் பெரிய ஒரு கண்ணாடி, ஊதா மினுக்கத்தோடு இருந்தது. தோளில் துண்டு போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி, பின்பக்கத்துத் துளையில் கண்ணை வைக்கச் சொன்னார்.

உள்ளே எங்கள் வயல் இருந்தது. ஆனால் யாரோ இரண்டு பக்கமும் கை வைத்து நெருக்கியது போல இருந்தது. பம்புசெட்டும் மதகும் கிட்டக்கிட்ட வந்துவிட்டன. நடிகை பனைமரம் மாதிரி ஒல்லியாக நீண்டிருந்தாள். கிழக்கே ஏறிக்கொண்டிருந்த வெயில் கண்ணாடியில் பட்டு, குறுக்கே ஒரு நீலக்கோடு கிழித்தது. அந்தக் கோட்டை நான் எல்லைக்கோடு என்று எடுத்துக்கொண்டேன்.

ஓடி வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா கேட்டார்: "ஆளுங்கல்லாம் குச்சி குச்சியா, நெட்டையா தெரிஞ்சாங்களா?"

"ஆமா பெரியப்பா."

"வயலு?"

"பாதிதான் இருக்கு."

"சத்தமா சொல்லு."

"வயலு பாதிதான் இருக்கு!"

கரையில் இருந்த கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. அத்தை மண்ணை வாரி, ஏஜெண்ட் இருந்த திசை பார்த்துத் தூற்றினாள். பெரியப்பா இடுப்பிலிருந்து கதிர் அரிவாளை உருவிக்கொண்டு வயலில் இறங்கினார்.

நேரே வடகிழக்கு மூலைக்குப் போனார். சனி மூலை என்போம். நடவானாலும் அறுப்பானாலும் அங்கேதான் தொடங்க வேண்டும். சாகுபடி செய்கிறவர் கையால்தான் தொடங்க வேண்டும். வேறொருவர் பயிரில் முதல் பிடி அறுக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் கை வராது. அதனால்தான் பக்கத்து ஊருக்கு வெளியூர் ஆட்களை ஏற்றி வந்தார்கள்.

"யோவ், வெளிய வாய்யா! படம் எடுக்குறாங்கல்ல?" ஏஜெண்ட் எழுந்துவிட்டார்.

"எடுக்கட்டுங்க. நல்ல நாளு. என் சாகுபடிய நான் அறுக்குறேன்."

"கதிரு இன்னும் பழுக்கவே இல்ல!"

"எப்பப் பழுக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

கரை முழுவதும் சிரித்தது. நடிகைக்காகக் குத்தாலத்திலிருந்தும் மாயவரத்திலிருந்தும் வந்திருந்த கூட்டம் அது. காவலுக்கு வந்த போலீஸ்காரர்களிடம் ஏஜெண்ட் கையை நீட்டி நீட்டிப் பேசினார். அவர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள், தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். காமிராவுக்குப் பின்னாலிருந்த பெரியவர் துளையில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, "விடுங்கய்யா. சினிமாஸ்கோப்ல எடம் கெடக்கு. ஓரத்துல ஒருத்தர் அறுத்தா நல்லாத்தான் இருக்கு," என்றார்.

பெரியப்பா முதல் பிடியை அறுத்து, இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

மறுநாளே குடும்பத்தோடு இறங்கி அறுத்தோம். பாதிக் கதிர் பச்சை. அந்த வருடம் நெல் அரிசி பிடிக்காமல் கருக்காயாகத்தான் கண்டது. பெரியப்பா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஏஜெண்ட் வந்தார், வழக்கம் போல அளந்து வாங்கிக்கொண்டு போனார். இத்தனை பேர் பார்த்ததை இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை.

படம் வந்ததும் மாயவரம் தியேட்டருக்குப் போனோம். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கள் வயல் விரிந்து கிடந்தது. இடது ஓரத்தில், நிஜத்தைவிடக் குண்டாக, வில் மாதிரி வளைந்து, பெரியப்பா கதிரைத் தூக்கினார். ஊரே விசிலடித்தது. எனக்கு வேறு நிம்மதி: வயலை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பின்னாளில் அதே படம் டிவியில் வந்தபோது இரண்டு ஓரங்களையும் வெட்டியிருந்தார்கள். பாட்டு இருந்தது, நடிகை இருந்தாள், பெரியப்பா இல்லை.

இப்போது நான் ஒளிப்பதிவில் வேலை செய்கிறேன். சென்னையில் ஒரு வாடகைக் கடையில் அந்தக் காலத்து ஸ்கோப் லென்ஸ்கள் சில இருக்கின்றன. காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி ஃபிலிமில் பதிக்கும் லென்ஸ் அது. தியேட்டரில் இன்னொரு லென்ஸ் விரித்துக் காட்டும். நல்ல புதிய லென்ஸ் இருக்க இந்தக் கிழட்டு இரும்பு எதற்கு என்று கேட்கிறார்கள். அதன் குறைகள்: ஓரங்கள் வளையும், கிட்டப் போனால் முகம் வீங்கும், பின்னணி விளக்குகள் முட்டை முட்டையாக நிற்கும், எதிரே வெளிச்சம் வந்தால் நீலக்கோடு விழும். இவை எல்லாவற்றுக்காகவும்தான் நான் அதைக் கேட்கிறேன். நடுவே ஒரு கண்ணாடி இருக்கிறது என்பதை அது மறைப்பதில்லை. ஒரு குறையும் இல்லாமல் காட்டுகிற லென்ஸ் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

அந்த லென்ஸை ஒரு பழைய காமிராவில் மாட்டி முதல்முறை கண் வைத்தபோது, எதிரே நின்றவர்கள் குச்சி குச்சியாக, நெட்டையாகத் தெரிந்தார்கள். கண்ணை எடுக்காமல் அப்படியே நின்றேன். குச்சி குச்சியா, நெட்டையா. இந்த வார்த்தைகளை நான் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே பெரியப்பா கேட்டார்.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"ஒங்க பெரியப்பாவுக்கா தெரியாது? கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பனந்தாள் பக்கம் டூரிங் கொட்டாயில ரீலு மாட்டிக்கிட்டிருந்தவருடி. ஸ்கோப் படத்துக்கு அந்த லென்ஸ மாட்ட மறந்துட்டா கதாநாயகி ஈர்க்குச்சியா நிப்பா, சனம் விசிலடிக்கும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

என் பட்டியலில் ஆறாவது முதலாவதாக இருந்திருக்க வேண்டும். நான் போய்ப் பார்க்கும் முன்பே, காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அரிவாள் அவர் இடுப்பில் இருந்தது. வெளுத்த வேட்டியும் நடிகைக்காக அல்ல, முதல் பிடிக்காக. அவருக்கு வேண்டியிருந்தது ஊர் திரண்டு நிற்கிற ஒரு காலை. பழுக்காத கதிரில் கை வைக்கச் சத்தமான ஒரு காரணம். இரண்டையும் அவருக்குச் சினிமாக்காரர்களும் நானும் கொடுத்தோம்.

பொங்கலுக்குப் போனபோது நேரிலேயே கேட்டேன்.

"நீதானே பாதின்னு சொன்ன?" என்றார் பெரியப்பா. "ஒன் பேச்ச நம்பித்தான் எறங்குனேன்." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏஜெண்ட் இறந்துவிட்டார். மிராசுதாரின் பிள்ளைகள் எங்கள்மேல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. வயலில் இந்த வருடமும் சம்பா நிற்கிறது, நட்டது அண்ணன். முதல் பிடியை இப்போதும் பெரியப்பாதான் அறுக்கிறார். வரப்பில் நாலு பேர் வந்து நின்று பார்க்கிறவரை அரிவாளை எடுப்பதில்லை.