ஈரக் கொழுந்தும் கனத்த யுரேனியமும்

லிந்துலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் விஞ்ஞானம் படிப்பித்த காலம். அன்று ஐசோடோப் பாடம்: ஒரே மூலகத்தில் எடை மட்டும் வேறுபடும் அணுக்கள். அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியும் வகுப்பு மலங்க மலங்க விழித்தது. அந்த எரிச்சலில் நான் நிற்கும்போதுதான் வகுப்பிலிருந்த புஷ்பத்தின் அம்மா ராமாயி வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்குத் தோட்டத்துல இவ பேரப் பதியணுங்க மாஸ்டர். கூட்டிக்கிட்டுப் போறேன்."

பேர் பதிந்தால் கொழுந்து பறிக்கும் வேலை நிச்சயம். படிப்பு அதோடு சரி. ராமாயி ஒருத்தியின் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது. ஆனால் வகுப்பிலேயே கெட்டிக்காரி புஷ்பம். விடுவேனா? பாடம் முடியட்டும் என்று ராமாயியைப் பின் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

புத்தகத்தை மூடிவிட்டுக் கொழுந்துக் கூடையை உதாரணமாகப் பிடித்துக்கொண்டேன். மழையில் பறித்தாலும் வெயிலில் பறித்தாலும் கொழுந்து கொழுந்துதான், தராசில்தான் வித்தியாசம். அதுபோல நியூத்திரன் கூடினால் அணுவின் எடை கூடும், பேர் மாறாது என்றேன்.

"ஈரத்துக்குன்னு கொழுந்து நிறுக்குற கணக்கப்பிள்ளை எடையில கழிச்சிருவாரே மாஸ்டர்?" என்றாள் ராமாயி. வகுப்பே சிரித்தது. எனக்கும் கோபம் போய்விட்டது.

அணுவுக்குக் கணக்கப்பிள்ளை கிடையாது, தன் பாரத்தை அதுவேதான் சமாளிக்க வேண்டும் என்றேன். முதல் பெரிய ஹைட்ரஜன் குண்டு வெடித்தபோது அதிலிருந்த யுரேனியம் கண்மூடித் திறப்பதற்குள் நியூத்திரன்களை அள்ளி விழுங்கியதையும், அந்தத் தூசியில் அதுவரை எவரும் காணாத கனத்த அணுக்கள் அகப்பட்டதையும் சொன்னேன். அவ்வளவையும் வைத்துக்கொண்டு யுரேனியம் பழையபடி இருக்க முடியாது. உள்ளே ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறினாலே அது வேறு பேருள்ள மூலகம்.

புஷ்பம் எழுந்தாள். "அப்ப பேரும் மாறிருமா மாஸ்டர்?"

"மாறிரும்."

மணி அடித்தது. ராமாயி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ இன்னுங் கொஞ்சம் படிப்ப அள்ளிக்கட்டுங்க மாஸ்டர். பேரப் பொறகு பாத்துக்கலாம்" என்றவள், தனியாகத்தான் படியிறங்கிப் போனாள்.

புதிதாக வேலைக்கு வரும் வாத்தியார்களுக்கு ஒன்று சொல்வேன்: பிள்ளையின் படிப்பை நிறுத்த வருபவர்களை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். நான் செய்தது அவ்வளவுதான். பாரத்தைச் சுமந்தது ராமாயி. அவளை நினைத்து இன்றும் கை கூப்புகிறேன்.

சில வருஷம் கழித்து, பயிற்சி முடித்த புஷ்பம் அதே பள்ளிக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தாள். முதல் நாள் கூடவே வந்த ராமாயி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"லயத்து வீடுகள்ல இப்ப யாரும் இவளப் புஷ்பம்னு கூப்பிடுறதில்லீங்க. டீச்சருன்னுதான். பேரு மாறிருச்சு மாஸ்டர்."